மாலைக்குப் பதில் ஒரு லேசர்: பெங்களூரு தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூருவில் தமிழ் விழாக்கள் நடத்தும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். அதையொட்டி உங்களில் பலர் சர் சி.வி. ராமனின் படத்துக்கு மாலை போடுகிறீர்கள். திருச்சியில் பிறந்தவர், தமிழர், நோபல் பரிசு பெற்றவர் என்பதை மூன்று பேச்சாளர்கள் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். நான்காமவர் எழுந்து, ஜெனீவாவில் செர்ன் ஆய்வக வளாகத்தில் நடராசர் சிலை நிற்கிறது, ஆகவே துகள் இயற்பியல் முழுவதும் நம் முன்னோருக்குத் தெரிந்ததே என்று முழங்கி முடிக்கிறார். அந்தச் சிலை 2004-இல் இந்திய அரசு கொடுத்த அன்பளிப்பு என்பதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை. கைதட்டல் அடங்குவதற்குள் சாப்பாட்டுப் பந்தி தொடங்கிவிடும். ராமன் என்னதான் செய்தார் என்ற கேள்வி அப்படியே நின்றுவிடும்.

நான் இந்த ஊர் ஒளியியல் ஆய்வகம் ஒன்றில் லேசர்களையும் ஆடிகளையும் நேர்படுத்திக் கொடுக்கும் வேலை செய்பவன். ஆராய்ச்சியாளன் அல்லன். ஒரே ஒரு கோரிக்கைக்காகத்தான் இதை எழுதுகிறேன்: அடுத்த ஆண்டு ராமன் பிறந்த ஊரை விட்டுவிட்டு அவருடைய வேலையைப் பேசுங்கள். பேசுவதோடு நில்லாமல், மேடையில் செய்தும் காட்டுங்கள்.

சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறிவரும் ராமன் விளைவைப் பள்ளிப் புத்தகம் ஓரளவு சொல்லிவிடுகிறது. அது சொல்லாத ஒன்று, 1931-இல் கல்கத்தாவில் ராமனும் எஸ். பகவந்தமும் சேர்ந்து செய்த சோதனை. சிதறிய ஒளியின் தளவிளைவை, அதாவது ஒளியலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை அளந்து, ஒளியின் துகளான ஃபோட்டானுக்குத் தற்சுழற்சி உண்டு என்பதற்கு அவர்கள் சான்று காட்டினார்கள். வட்டத் தளவிளைவுள்ள ஒளி, அதாவது அதிர்வின் திசை சுழன்றுகொண்டே செல்லும் ஒளி, கோண உந்தத்தை (சுழற்சிக்குரிய உந்தத்தை) சுமக்கும் என்று பாயிண்டிங் என்ற இயற்பியலாளர் 1909-இலேயே சொல்லியிருந்தார். 1936-இல் பெத் என்பவர், மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்ட தகட்டை ஒளியாலேயே திருப்பி அதை நேரடியாக அளந்தார்.

ஒளிக்கு இன்னொரு சுழற்சியும் உண்டு என்பது 1992-இல்தான் தெளிவாகியது. நெதர்லாந்தின் லைடன் நகரில் லெஸ் ஆலனும் அவருடைய குழுவினரும் அதை விளக்கினார்கள். சாதாரண லேசர் கற்றையின் அலைமுகப்பு, அதாவது அலையின் ஒரே கட்டத்தில் உள்ள புள்ளிகளை இணைக்கும் பரப்பு, ஏறக்குறையத் தட்டையாக இருக்கும். அதைச் சுழல் படிக்கட்டுபோல் திருகிவிட்டால், கற்றையின் நடு அச்சில் எல்லாக் கட்டங்களும் (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதே கட்டம்) சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். திரையில் விழுவது நடுவில் இருட்டுள்ள ஒளி வளையம். திருகலின் எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொரு ஃபோட்டானும் சுமக்கும் கோண உந்தமும் அதே மடங்கில் கூடும். 1995-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில், இத்தகைய கற்றையில் சிக்கிய நுண்துகள்கள் சுழல்வதை நுண்ணோக்கியில் கண்டார்கள். தற்சுழற்சி ஒரு துகளைத் தன் அச்சிலேயே திருப்பும். இந்த இரண்டாவது வகையோ கற்றையின் நடுவைச் சுற்றித் துகளை வலம்வரச் செய்யும். ஒளியோடும் இது நிற்கவில்லை. 2010-இல் எலெக்ட்ரான் கற்றையையும், 2021-இல் ஹீலியம் அணுக்களையும் இப்படித் திருகிவிட்டார்கள். பொருளும் அலைதான் என்பதற்கு இதைவிட அழகான சான்றை நான் அறியேன்.

இனி நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். உங்கள் மேடைகளில் ஒருமுறைகூட நான் கேட்டிராத பெயர் எஸ். பஞ்சரத்தினம். ராமனின் சகோதரி மகன். 1948-இல் ராமன் இங்கே தொடங்கிய ஆய்வு நிறுவனத்தில், படிகங்களின் ஊடே ஒளி செல்லும் விதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர். ஒளியின் தளவிளைவு நிலைகள் ஒவ்வொன்றையும் ஒரு கோளத்தின் மேல் ஒரு புள்ளியாகக் குறிக்கலாம். ஒளியை ஒரு நிலையிலிருந்து இரண்டாவதற்கும், அங்கிருந்து மூன்றாவதற்கும் மாற்றி, மறுபடி முதல் நிலைக்கே கொண்டுவந்தால் என்ன ஆகும்? பழைய நிலைதானே, ஒரு மாற்றமும் இருக்காது என்றுதான் நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. கோளத்தின் மேல் அந்தப் பயணம் வரைந்த முக்கோணம் கோளத்தின் மையத்தில் விரிக்கும் திண்மக் கோணத்தில் பாதி, கூடுதல் கட்டமாக ஒளியில் சேர்ந்திருக்கும். பஞ்சரத்தினம் இதை 1956-இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 22.

கட்டுரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தூங்கியது. 1984-இல் இயற்பியலாளர் மைக்கேல் பெர்ரி, அணுவுலகை விளக்கும் குவாண்டம் இயக்கவியலில் இதையொத்த கட்டத்தைக் கண்டறிந்தார். பஞ்சரத்தினம் அதற்கு முன்னோடி என்று 1986-இல் பெங்களூருவின் இயற்பியலாளர்கள் ராமசேஷனும் நித்யானந்தாவும் எடுத்துக்காட்டினார்கள். இன்று உலகம் அதைப் பஞ்சரத்தினம்–பெர்ரி கட்டம் என்கிறது. 2006-இல் இத்தாலியின் நேப்பிள்ஸில் ஒரு குழு, தற்சுழற்சியை அந்த இரண்டாவது வகைச் சுழற்சியாக மாற்றும் திரவப்படிகத் தகட்டைச் செய்தது இந்தக் கட்டத்தைக் கொண்டுதான். தட்டையான லென்ஸ்களிலும் இதே கருத்து வேலை செய்கிறது. பஞ்சரத்தினம் 1969-இல் ஆக்ஸ்ஃபோர்டில் 35 வயதில் இறந்துபோனார். பிறந்தது கல்கத்தா என்பதால்தான் உங்கள் பட்டியலில் அவர் இல்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இதை எழுதும்போது கோபம் வருகிறது, மன்னிக்கவும்.

செய்துகாட்டுவதற்குப் பெரிய கருவிகள் வேண்டாம். ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் கடக்கவிடும் போலராய்டு தாள்கள் இரண்டைக் குறுக்காக வைத்தால் வெளிச்சம் நின்றுவிடும். நடுவில் மூன்றாவது தாளை 45 பாகையில் செருகினால், தடை கூடியிருக்கும்போதே வெளிச்சம் திரும்ப வரும்! முதல் தாளைக் கடந்த ஒளியில், இழப்பே இல்லாத தாள்களானால், நான்கில் ஒரு பங்கு. ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக அனுப்பினாலும் நான்குக்கு ஒன்று என்ற அதே வாய்ப்புத்தான். எது கடக்கும் என்று மட்டும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இந்த ஒரு காட்சியை வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் பேசலாம். ஒளி வளையத்துக்கு, நடுவில் கவைபோல் பிரியும் கோடுகளை நெருக்கமாகப் பதித்த ஒரு படச்சுருளும் சிறிய லேசரும் போதும். லேசரை யார் கண்ணுக்கும் நேரே பிடிக்கக் கூடாது; சுவரில் மட்டும்தான். முன்வரிசை நாற்காலிகள் பிள்ளைகளுக்கு. பிரமுகர்கள் பின்னால் உட்காரலாம், நன்றாகவே தெரியும்.

பேச ஆள் இருக்கிறார்களா என்பீர்கள். இந்த ஊர் ஆய்வகங்களில் மதுரையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வந்து முனைவர் பட்டத்துக்கு உழைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கூச்சப்படுவார்கள், கேட்டால் வருவார்கள். பொன்னாடை வேண்டாம், நாற்பது நிமிடம் கொடுங்கள். சிறப்பு விருந்தினர் பேசி முடித்தபின் மிஞ்சும் ஐந்து நிமிடத்தை அவர்கள் தலையில் கட்டாதீர்கள். பக்கத்து வீட்டுக் கன்னடப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். பஞ்சரத்தினம் அவர்களுக்கும் உரியவர்.

தாள்களும் லேசரும் நான் கொண்டுவருகிறேன். உங்கள் அரங்கின் சன்னல்களுக்குத் திரை இருக்கிறதா, மேடை விளக்குகளைத் தனியாக அணைக்க முடியுமா என்பதை மட்டும் ஜனவரிக்குள் தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
அல்சூர்வாசி ஒருவன்