சாய்ந்த நாற்றுகள் பற்றி

மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். நேரே விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய தக்காளி நாற்றுப் படத்தைப் பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை.

நாற்று சாய்ந்ததற்கு விதைக்காரரைத் திட்டி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய், பாவம் அவர். படத்தைப் பெரிதாக்கிப் பார். முளைத்ததும் முதலில் விரியும் வித்திலை இரண்டும் இன்னும் பச்சைதான். தண்டு மண்ணைத் தொடும் இடம் மட்டும் நூல் கட்டி இறுக்கியதுபோல் சுருங்கி, நீர் கோத்துக் கறுத்திருக்கிறது. இது நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண்வாழ் கிருமிகளின் வேலை. ஈரம் வற்றாத மண்ணும் அசையாத காற்றும் அவற்றுக்குப் போதும். சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. அந்தத் தட்டை மண்ணோடு ஒதுக்கிவிட்டுப் புதிதாக விதை.

இந்த முறை தோட்டத்து மண் வேண்டாம். அலசி உப்பு நீக்கிய தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு. பழைய தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து அலசு. டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடி கிடைத்தால் விதையில் புரட்டு. கிலோ விதைக்கு 4 கிராம் கணக்கு, உன் கைப்பிடி விதைக்கு ஒரு சிட்டிகையே அதிகம். விதையின் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம், அதற்கு மேல் புதைக்காதே.

மூடிவைத்த பிளாஸ்டிக் தாளை முளை தலைகாட்டிய அன்றே எடுத்துவிடு. நீ விட்டுவைத்ததுதான் வினை. பூவாளியால் மேலே ஊற்றுவதையும் நிறுத்து. தட்டை அரை அங்குலத் தண்ணீரில் வை. ஈரம் ஏறி மேல்மண் கறுத்ததும் எடுத்து, மீதியைக் கொட்டிவிடு. அடுத்த தண்ணீர், மேல்மண் வெளுத்துத் தட்டு கைக்கு லேசாகத் தெரியும்போதுதான். மின்விசிறியை மெதுவாக ஓடவிடு. நாற்று லேசாக ஆடினால் போதும், தண்டும் உரம் பெறும்.

உன் நாற்றுகள் ஜன்னல் பக்கம் கழுத்தை நீட்டிக்கொண்டு வெளுத்தும் இருக்கின்றன. அது தனிக் கதை: வெளிச்சப் பஞ்சம். எல்இடி டியூப் ஒன்றை நாற்றுக்கு மேலே 10 செ.மீ. உயரத்தில் கட்டு, 14 முதல் 16 மணி நேரம் எரியட்டும், இரவில் அணைத்துவிடு. நாற்று வளர வளர விளக்கையும் உயர்த்து.

மிளகாய் வரவில்லை என்று புலம்பாதே. அதற்கு மண்ணே 25 முதல் 30 டிகிரி சூடாக இருக்கணும், இரண்டு வாரம்கூட எடுக்கும். கிளறிப் பார்க்கிற உன் பழைய பழக்கம் மட்டும் வேண்டாம். ஒரு குழியில் இரண்டு முளைத்தால் ஒன்றைக் கத்தரியால் வெட்டு; பிடுங்கினால் மற்றதன் வேரும் அறும். வெள்ளரிக்கும் பூசணிக்கும் இப்போது அவசரமே இல்லை. வேர் கலைந்தால் தாங்காத ஜாதி. நடவுக்கு மூன்று வாரம் முன்னால் போட்டால் போதும்.

வாத்தியாருக்கு என் வணக்கம் சொல். புது நாற்று எழுந்ததும் படம் அனுப்பு. மேலிருந்து எடுக்காதே, பக்கவாட்டில் எடு; தண்டின் அடி எனக்குத் தெரியணும்.

உன்,
மாப்ளே