காற்சட்டை இறுகினால் இறுகட்டும்

தலவாக்கலை
ஞாயிறு மாலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன கிழமையே வந்துவிட்டது. தவணைப் பரீட்சைத் தாள்கள் மேசை நிறையக் கிடந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை. இன்றைக்குத்தான் கடைசிக் கட்டைத் திருத்தி முடித்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையொன்று நுரையீரலின் தொழில் "பெருமூச்சு விடுதல்" என்று எழுதியிருக்கிறது. அரைப் புள்ளி போட்டேன்.

தீபாவளியோடு சிகரட்டை விட்டுவிட்டாய் என்று நீ எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். இவள் நம்பவேயில்லை. உன் மனைவிக்குப் போன் எடுத்துக் கேட்ட பிறகுதான் சரி என்றாள். பெரிய வேலை செய்திருக்கிறாய் மச்சான். பாடசாலை மதிலுக்குப் பின்னால் ஒரே சிகரட்டை மூன்று பேர் மாற்றி மாற்றி இழுத்த காலத்தில் இருந்து உன்னை எனக்குத் தெரியும். அதனால் இது எவ்வளவு பெரிய வேலை என்றும் தெரியும்.

ஆனால் கடிதத்தின் பின்பாதி எனக்குப் பிடிக்கவில்லை. காற்சட்டைப் பொத்தான் பூட்ட முடியவில்லை, கடைப் பையன்கள் "முதலாளி வெயிட் போட்டுட்டார்" என்று சிரிக்கிறார்கள், நாளுக்கு இரண்டே இரண்டு மட்டும் பிடித்தால் வயிறு இறங்கிவிடாதா என்று கேட்கிறாய். இறங்காது. பிடிப்பவனுக்கு உடம்பு மெலிந்த மாதிரித் தெரிந்தாலும் வயிற்றைச் சுற்றித்தான் கொழுப்பு சேரும். கை கால் குச்சியாகவும் வயிறு மட்டும் முன்னால் தள்ளியும் எத்தனை பேரை நம்முடைய டவுனிலேயே பார்த்திருக்கிறோம். அப்புறம் அந்த "இரண்டே இரண்டு" கணக்கு. நாளுக்கு ஒன்றே ஒன்று பிடிக்கிறவனுக்கும், 20 பிடிக்கிறவனுக்குக் கூடுகிற மாரடைப்பு ஆபத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது என்று 2018இல் வந்த ஆய்வு சொல்கிறது. இருபதில் ஒரு பங்கு இல்லை, பாதி. அந்தக் கணக்கில் நீ எந்த இலாபமும் பார்க்க மாட்டாய்.

எடை ஏறுவது பொய் என்று நான் சொல்லவில்லை. விட்டவர்களுக்கு முதல் ஆண்டில் சராசரியாக நாலைந்து கிலோ ஏறுகிறது. அதிலும் பாதிக்கு மேல் முதல் மூன்று மாதத்துக்குள் ஏறிவிடும். நீ இப்போது சரியாக அந்த இடத்தில்தான் நிற்கிறாய், அதனால்தான் இது நிற்காமலே ஏறிக்கொண்டு போகும் என்று உனக்குத் தோன்றுகிறது. எல்லோருக்கும் ஒரே மாதிரி ஏறுவதும் இல்லை. ஆறு பேரில் ஒருவருக்கு எடை குறைந்துகூட இருக்கிறது, எட்டுப் பேரில் ஒருவருக்கு 10 கிலோவுக்கு மேல் போயிருக்கிறது. எனக்கும் ஏறியது, உனக்கு ஞாபகம் இருக்கும், என் தம்பி கலியாணப் படத்தில் நான் தவில்காரரைவிடப் பெரிதாக நிற்பேன். அடுத்த வருடம் அதில் பாதி இறங்கியது. மீதி இன்னும் என்னோடுதான் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஏன் ஏறுகிறது என்று கேட்டிருந்தாய். விஞ்ஞான வாத்தியாரிடம் கேட்டால் விஞ்ஞானம்தான் வரும், பொறுத்துக்கொள். நிக்கொட்டின் இரண்டு வேலை செய்கிறது. மூளையில் பசியை அடக்குகிறது, அது ஒன்று. மற்றது, நாளுக்கு ஒரு பெட்டி அளவில் ஊதுகிறவனின் உடம்பு சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 200 கலோரி மட்டில் கூடுதலாக எரிக்கிறது. இதயத்தைத் தேவையில்லாமல் விரட்டி விரட்டி எரிக்கிறது என்பதை மறந்துவிடாதே. சிகரட் நின்றதும் இரண்டும் நின்றுபோகும். பசி திரும்பி வரும், நாக்கும் மூக்கும் திரும்பி வரும், நேற்று வரை வெறும் பாணாக இருந்தது இன்றைக்கு மணக்கும். எரிகிற 200 கலோரியும் குறைந்துபோகும். சோற்றை நீ ஒரு பிடிகூடக் கூட்டாவிட்டாலும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும்.

அந்த 200 கலோரியை எங்கே பிடிக்கலாம் என்று நான் தேடியபோது அது தேத்தண்ணிக் கோப்பைக்குள் இருந்தது. யோசித்துப் பார். நம் ஆட்களுக்குச் சிகரட்டும் பிளேன்டீயும் சோடி. ஒன்று இல்லாமல் மற்றது இறங்காது. சிகரட்டை விட்டதும் அந்தக் கைக்கு வேலை இல்லாமல் போகிறது, உடனே இன்னொரு பிளேன்டீ. நீ கொழும்புக்குப் போயும் அந்தப் பழக்கம் போகவில்லை, கடைக்கு ஃபிளாஸ்க்கில் வருகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். மட்டமாக வெட்டிய ஒரு தேக்கரண்டிச் சீனியில் 16 கலோரி. கோப்பைக்கு இரண்டு, நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் 160. நம் வீடுகளில் எவர் மட்டமாக வெட்டிப் போடுகிறார்? கரண்டி மேல் குவிந்து, கோப்பைக்குப் போகிற வழியில் மேசையிலும் கொஞ்சம் சிந்துகிற சீனி அது. ஆக 200க்கு மேலே போய்விடும். சிகரட் எரித்துக் கொடுத்தது ஏறக்குறைய முழுவதும் அங்கேயே இருக்கிறது.

சீனி இல்லாமல் குடி என்று ஒரேயடியாகச் சொன்னால் நீ இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுவாய். எங்கள் வீட்டில் இவள் என்னிடம் சொல்லாமலே குறைத்தாள். முதலில் இரண்டு கரண்டி ஒன்றரையானது, அப்புறம் ஒன்று, அப்புறம் அரை. ஒருநாள் பக்கத்து வீட்டில் தேத்தண்ணி குடித்தபோது பாணி மாதிரித் தித்தித்து வாயை மூடவைத்தது, அப்போதுதான் இவள் செய்தது தெரிந்தது. இப்போது சீனியே இல்லை. இஞ்சி ஒரு துண்டு தட்டிப் போட்டுச் சாயத்தை இலேசாக ஊற்றினால் இந்தக் குளிருக்கு அது போதும். கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தால் ஒன்றும் செய்யாது என்று உன் மாமனார் சொல்வார், கேட்காதே. அதுவும் சீனிதான். நாலு கடியை ஒரு கடியாக்கினால் நல்லது, அவ்வளவுதான்.

தேத்தண்ணியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, இதை டொக்டர்மார்கூட எல்லாரும் சொல்வதில்லை. சிகரட் புகை ஈரலைத் தட்டி எழுப்பிக் கஃபீனை வேகமாகக் கரைக்க வைக்கிறது. நிறுத்தியதும் அந்த வேகம் விழுந்துவிடும். நீ குடிப்பது அதே ஐந்து கோப்பைதான், ஆனால் இரத்தத்தில் கஃபீன் முன்பைவிடக் கூடுதலாக, கூடுதல் நேரம் தங்கி நிற்கும். ராத்திரி நித்திரை வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, எல்லார் மேலும் எரிந்து விழுகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதில் ஒரு பங்கு சிகரட் போன கோபம், இன்னொரு பங்கு தேத்தண்ணி. படபடப்பு வந்தால் நாம் அதைச் சிகரட் ஆசை என்று நினைத்துக்கொள்கிறோம், இல்லாவிட்டால் பசி என்று நினைத்துப் பணிஸைக் கடிக்கிறோம். நித்திரை கெட்டவனுக்கு அடுத்த நாள் பசியும் கூடும். கோப்பையைப் பாதியாகக் குறை, பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு ஃபிளாஸ்க்கை மூடி வை. தேயிலை மலையில் பிறந்தவன் இப்படிச் சொல்கிறானே என்று தோட்டத்துப் பெரிசுகள் காதில் விழாமல் செய்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டதாக எழுதியதை மட்டும் நிறுத்து. வெறும் வயிற்றோடு படுத்தால் பதினொரு மணிக்கு எழுந்து பிஸ்கட் டின்னைத் தேடுவாய், அதுவும் இல்லாவிட்டால் சந்தியில் திறந்திருக்கிற பெட்டிக்கடையைத் தேடுவாய். சில்லறையாக ஒன்று வாங்கலாம் என்கிற நாட்டில் பசியோடு நடப்பது ஆபத்து. முதல் சில மாதம் எடை குறைக்கவே முயலாதே, ஏறுகிறதைக் குறைத்தால் போதும் என்பது என் கட்சி. ரொட்டி உன் பலவீனம் என்று எனக்குத் தெரியும். 100 கிராம் கோதுமை மாவில் 350 கலோரிக்குக் குறையாது, தேங்காய்ப்பூ சேர்ந்தால் இன்னும் மேலே. இரண்டை ஒன்றாக்கி, கட்டச்சம்பலோடு பருப்பும் ஒரு கீரைச் சுண்டலும் வை. வாய்க்கு ஏதாவது வேண்டும் என்று வருகிற நேரத்துக்கு அவித்த கடலை, கொய்யாக்காய், நெல்லிக்காய். நுவரெலியா கரட்டை அப்படியே கடிக்கலாம், வத்தளைச் சந்தைக்கும் வருகிறதுதானே. நான் சட்டைப் பையில் ஒரு கறுவாத் துண்டு வைத்திருந்தேன். கை தன்பாட்டில் பைக்குப் போகும், போன கைக்கு அது கிடைக்கும், பல்லுக்கிடையில் வைத்துக்கொள்வேன். ஆசை வருவது சில நிமிடம்தான், அதற்குள் ஒரு வகுப்பு மணி அடித்துவிடும்.

வெற்றிலை போடத் தொடங்கியிருக்கிறாய் என்று உன் மனைவி போனில் சொன்னாள். கோள் சொன்னாள் என்று அவளோடு சண்டை பிடிக்காதே, நான்தான் தோண்டிக் கேட்டேன். அது வேண்டாம் மச்சான். புகையிலை சேர்க்காமல் வெறும் பாக்கோடுதான் போடுகிறேன் என்பாய். பாக்கு மட்டுமே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இலேயே சொல்லிவிட்டது. நம் லயத்துக் கிழவிகளில் வாய் திறக்க முடியாமல் கஞ்சியோடு காலம் தள்ளியவர்களை நீயும் பார்த்திருக்கிறாய்.

நீ பயப்படுவது காற்சட்டைக்கு இல்லை, உன் அம்மாவுக்கு வந்த சீனி வருத்தத்துக்கு என்று எனக்குத் தோன்றுகிறது. எழுதவில்லை, ஆனாலும் தோன்றுகிறது. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2018இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வில், சிகரட்டை விட்டு எடையும் ஏறியவர்களுக்குச் சில ஆண்டுகள் சீனி வருத்தம் வரும் வாய்ப்புக் கூடி, அப்புறம் குறைந்திருக்கிறது. ஆனால் அதே ஆய்வில், எவ்வளவு எடை ஏறியிருந்தாலும், பிடித்துக்கொண்டே இருந்தவர்களைவிட விட்டவர்கள் இதய நோயில் சாவது குறைவு. அதனால் பயத்தைச் சிகரட்டுப் பக்கம் திருப்பாதே, கிளினிக் பக்கம் திருப்பு. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையம் என்று வைத்திருக்கிறார்கள், நம் வயதுக்காரர்களுக்கு எடை, பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். வெறும் வயிற்றோடு போ. இடுப்பையும் அளந்துகொள், நம் பக்கத்து ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர்தான் எல்லை. நிக்கொட்டின் சுவிங்கம் பற்றியும் டொக்டரிடம் கேள், அதைப் பாவிக்கிற காலம் வரைக்கும் எடை ஏறுவது தள்ளிப்போகும்.

நடையைப் பற்றி நீயே கேட்டாய். முக்கால் மணித்தியாலம் கொஞ்சம் வேகமாக நடந்தால் அந்த 200 கலோரி கணக்குத் தீர்ந்துவிடும். சமதரையில் நடக்கிற உனக்கு அது. எங்களுக்கு ஏற்றம் இருப்பதால் சீக்கிரமே தீரும். நான் விடியத் தேயிலை ரோட்டால் மேல் டிவிஷன் கோயில் வரைக்கும் ஏறி இறங்குகிறேன். கொழுந்துக்குப் போகிற பெண்கள் "சேர், இன்னும் மெலியலையே" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போகிறார்கள். அவர்கள் முதுகில் கூடை வேறு. பின்னேர நடையை நிறுத்திவிட்டேன், போன மாதம் பங்களாவுக்குக் கீழே சிறுத்தை ஒன்று நாயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மழை நாளில் அட்டை. காலுறைக்குள் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு போகிறேன், பாதிக்குப் பாதி பலன்.

இங்கே மற்றச் செய்தி என்றால், மகள் பேராதனையில் கடைசி வருடம். லீக்ஸ் விலை விழுந்து என் மச்சினன் தோட்டத்திலேயே உழுது புதைத்துவிட்டான், அவனுக்கு ஆறுதல் சொல்ல முடியவில்லை. உன் அண்ணன் வீட்டுக் கூரைத் தகரம் காற்றுக்கு எழும்பியதை ஆணி அடித்துச் சரிப்படுத்தியாயிற்று, நீ காசு அனுப்ப வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.

சித்திரையில் அம்மன் திருவிழா. தேர் இழுக்க ஆள் போதாது என்று கமிட்டியில் புலம்புகிறார்கள், கட்டாயம் வா. வரும்போது இனிப்புப் பெட்டி எதுவும் வேண்டாம், நீர்கொழும்பு நெத்தலிக் கருவாடு ஒரு கிலோ வாங்கி வா, அதற்குக் காசு நான் தருகிறேன். காற்சட்டையைத் தையல்காரனிடம் கொடுத்து இடுப்பில் ஒரு அங்குலம் விட்டுக்கொள். பழையதைத் தூக்கிப் போடாதே, என் மூத்தவனுக்குச் சரியாக இருக்கும்.

உன்,
பழைய கூட்டாளி

பி.கு.: கோயில் வரி இந்த முறை வெளியூர்க்காரருக்கும் போட்டிருக்கிறார்கள். உன் பெயருக்கு நான் கட்டிவிட்டேன். ரிசீட் என்னிடம் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்.