மேற்பிரிவு லயத்து மின்தடை தொடர்பான நான்காவது மனு

பிரதேச மின் பொறியியலாளர் அவர்களுக்கு,

ஐயா,

மரியாதையுடன் எழுதிக்கொள்வது. பெப்ரவரியிலிருந்து கொடுத்த மூன்று மனுக்களுக்கும் பதில் இல்லை. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்கு மேலே உள்ள எங்கள் லயம் ஐயாவுக்குத் தெரிந்ததுதான். போன வருடம் கம்பம் நட வந்தபோது எங்கள் வாசலில்தான் தேத்தண்ணி குடித்தீர்கள்.

1. லயத்தின் கடைசி வீடான தொங்கல் காம்பராவில் இருக்கும் என் தம்பிக்கு இதயம் பலமிழந்துவிட்டது. வெளிநாட்டில் வேலை செய்தபோது, கம்பெனிக் காப்புறுதியில், இரத்தத்தை உடம்புக்குத் தள்ளும் ஹார்ட்மேட் 3 என்ற பம்பை நெஞ்சுக்குள் வைத்தார்கள். 2017 இல் இலங்கையின் முதல் இதயமாற்றுச் சிகிச்சை நடந்த கண்டியில் தனக்கும் ஓர் இதயம் கிடைக்கும் என்று காத்திருக்கிறான்.

2. அந்தப் பம்ப் கரண்டில் ஓடுகிறது. வயிற்றிலிருந்து வெளியே வரும் வயர், இடுப்பில் ஒரு பெட்டி, இரண்டு பற்றரி. புதிதில் ஒரு சோடி 17 மணித்தியாலம் வரை தாங்கும். இப்போது பழசாகி ஒன்பதுதான். தூங்கும்போது சுவர் பிளக்கில் மாட்ட வேண்டும்.

3. கச்சான் காற்றில் சவுக்குக் கிளை வயரில் விழுகிறது. ஜூனில் இரவு எட்டரைக்குப் போன கரண்ட் மறுநாள் பின்னேரம் வந்தது. விடியும்போது முதல் சோடி தீர்ந்தது. மாற்றுச் சோடியை மாட்டிவிட்டு, தீர்ந்ததையும் சார்ஜரையும் தூக்கிக்கொண்டு மழையில் ஃபெக்டரிக்கு ஓடினேன். காவல்காரர் உள்ளே விட்டார், அவருக்குப் புண்ணியம். ஜெனரேட்டரைப் பத்து மணிக்குத்தான் போட்டார்கள். சார்ஜ் ஏறும்வரை நாலு மணித்தியாலம் அங்கேயே குந்தியிருந்தேன். திரும்பி வந்து தம்பி மாட்டியிருந்த பற்றரியின் பொத்தானை அமத்தினால், நாலு பச்சை லைட்டில் ஒன்றுதான் எரிகிறது. அம்மா அவன் நெஞ்சில் காதை வைத்தபடி இருக்கிறார். இந்தப் பம்ப் வைத்தவர்களுக்குக் கையில் நாடி சரியாகக் கிடைக்காது ஐயா. உள்ளே வண்டு முரலுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பற்றரி இரண்டும் தீர்ந்தால், பெட்டிக்குள் இருக்கும் அவசரப் பற்றரி கால் மணி நேரத்துக்குத்தான்.

4. போன் பண்ணினால் முறைப்பாடு பதிந்தாயிற்று என்கிறார்கள். சரி, பதிந்தீர்கள். ஆள் எப்போது வரும்? மூன்று கிளை ஐயா! வெட்ட ஒரு கத்தியும் ஏணியும் போதும். தோட்டத்து ஆட்கள் வெட்டினால் வயரைத் தொட்டதாக வழக்கு வருமாம்.

5. வேலைக்காகக் கரண்டை நிறுத்துவதென்றால் முதல் நாளே ஒரு போன்.

அந்தக் கிளைகளை இந்த வாரமே வெட்டித் தாருங்கள். உயிர்காக்கும் கருவி உள்ள வீடு என்று எங்கள் கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள். கிளைகளை மட்டுமாவது வெட்டித் தாருங்கள் ஐயா.

இப்படிக்கு,
தொங்கல் காம்பரா, மேற்பிரிவு

இணைப்பு: வைத்தியரின் கடிதம், முன்னைய மூன்று மனுக்களின் பிரதிகள்