அவள் சொன்னது கடைசி பெஞ்சு வரை கேட்கட்டும்

கர்த்தருக்குள் பிரியமான சபையாருக்கு, கிறிஸ்து பிறப்பு நாடகக் குழுவின் தோத்திரங்கள்.

போன வருஷ நாடகத்தில் சத்திரக்காரராக வந்த பிள்ளை உங்களுக்கு நினைவிருக்கும். தலையில் பெரிய தலைப்பாகை, கையில் விளக்கு. ஆனால் அவள் என்ன பேசினாள் என்று கேட்டால், மூன்றாவது பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த யாராலும் சொல்ல முடியாது. நாடகத்துக்கு மைக் வாங்க உங்கள் உதவியைக் கேட்கும் இந்த வேண்டுகோளை எழுத வைத்தது அதுதான்.

அவளுக்கு எட்டு வயது. மரியாள் வேஷம்தான் வேண்டும் என்று முழு வசனத்தையும் வீட்டிலேயே மனப்பாடம் பண்ணிக்கொண்டு பாத்திரத் தேர்வுக்கு வந்திருந்தாள். வரிசையில் நின்றபோதும் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பெயரைக் கூப்பிட்டதும் முன்னால் வந்தாள். முதல் வரி வரவில்லை. சட்டை ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தாள். நாங்கள் அவசரப்படுத்தவில்லை. அப்புறம் ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தாள், பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில். மரியாள் வேறொரு பிள்ளைக்குப் போனது. பட்டியல் ஒட்டிய அன்று வீட்டில் அழுதாள் என்று அவள் அம்மா சொன்னார்.

அடுத்த ஒத்திகைக்கு ஒரு கேள்வியோடு வந்தாள்: "அக்கா, பைபிள்ல சத்திரக்காரரே இல்லையே?" உண்மைதான். லூக்கா 2-ஆம் அதிகாரத்தில் சத்திரத்தில் இடமில்லை என்ற செய்தி மட்டும்தான் இருக்கிறது. அதைச் சொன்ன ஆளைப் பற்றி ஒன்றும் இல்லை. (குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த சாஸ்திரிகள் எத்தனை பேர் என்று மத்தேயுவும் சொல்லவில்லை. காணிக்கை மூன்று என்பதால் நாம் மூன்று பேரை அனுப்புகிறோம்.) சரி, அந்த ஆள் எப்படி இருந்திருப்பார், நீயே யோசித்துச் சொல் என்றோம். கதவைச் சாத்திவிட்டு, மனசு கேட்காமல் மறுபடி திறப்பார் என்றாள். "இடம் இல்லை. ஆனா நில்லுங்க, இருட்டா இருக்கு, விளக்கு எடுத்துட்டு வர்றேன்." அந்த வசனம் அவளுடையது. தொழுவம் வரை மரியாளுக்கும் யோசேப்புக்கும் முன்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்ததும் அவள் யோசனைதான். அதைத்தான் சபையில் பாதிப் பேர் கேட்கவில்லை.

அன்று அவள் நன்றாகவே பேசினாள். நம்மிடம் இருப்பவை இரண்டு ஸ்டாண்ட் மைக். யோசேப்பின் முகத்தைப் பார்த்துப் பேசினால் பிள்ளையின் வாய் மைக்கை விட்டு விலகிவிடும். தூரம் இரட்டித்தால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். வால்யூமைக் கூட்டினாலோ ஸ்பீக்கர் கீச்சென்று அலறுகிறது. அன்று அப்படி அலறியதில் மேய்ப்பர்கள் இரண்டு பேர் வசனத்தையே மறந்து நின்றார்கள். சத்தமாகப் பேசு என்று பிள்ளைகளைத் திரும்பத் திரும்பச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. விளக்கு கொண்டு வருகிறேன் என்பது கத்திச் சொல்கிற வசனம் இல்லை.

ஆகவே சட்டையில் மாட்டிக்கொள்கிற ஆறு காலர் மைக்கும், அவற்றின் சத்தத்தைச் சேர்த்துக் கட்டுப்படுத்துகிற ஒரு மிக்ஸரும் வாங்க விரும்புகிறோம். ஆறு இருந்தால் காட்சிக்குக் காட்சி மாற்றி மாட்டிக்கொள்ளலாம். நாடகத்தன்று மட்டும் வாடகைக்கு எடுத்தால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். நெஞ்சில் கை வைத்தால் டப்பென்று கேட்கும், திரைக்குப் பின்னால் குசுகுசுத்தாலும் ஆலயம் முழுக்க ஒலிக்கும். பிள்ளைகள் இதையெல்லாம் ஒத்திகையிலேயே பழக வேண்டும். மற்ற நாட்களில் ஞாயிறு பள்ளிக்கும், வேதபாடம் வாசிக்கிற முதியவர்களுக்கும் அவை உதவும்.

அடுத்தது உடைகள். இதுவரை அவரவர் வீட்டிலேயே தைத்துக்கொள்ளச் சொன்னோம். அந்தச் செலவை நினைத்தே சில பிள்ளைகள் தேர்வுக்கு வரவில்லை என்பது எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அது எங்கள் தவறு. இந்த வருஷம் முதல் எல்லா உடைகளையும் குழுவே தைத்துத் தரும்.

1223-இல் அசிசியின் பிரான்சிஸ், இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் வைக்கோல் போட்ட ஒரு முன்னணையையும் (மாட்டுத் தீவனத் தொட்டி), ஒரு மாட்டையும், ஒரு கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார். குழந்தை இயேசு பிறந்த ஏழ்மையை ஜனங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. நம் பிள்ளைகள் செய்வதும் அதே வேலைதான். பார்க்கிறவர்களுக்குக் காதிலும் விழ வேண்டும் என்று கேட்கிறோம்.

காணிக்கையை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குழுவின் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மொத்தமாக முடியாதவர்கள் இரண்டு மூன்று தவணையாகத் தரலாம். வரவு செலவு முழுவதும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். நன்கொடைக்கும் பாத்திரத் தேர்வுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை அழுத்தமாகச் சொல்லிவிடுகிறோம். பணமாகத் தர இயலாதவர்கள் பழைய திரைச்சீலை, படுக்கை விரிப்பு கொடுத்தாலும் மேய்ப்பர்களுக்கு அங்கி ஆகிவிடும். தையல் தெரிந்தவர்கள் சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் வந்தால் பேருதவி.

தேர்வுக்குப் பெயர் வாங்கத் தொடங்கிவிட்டோம். அந்தப் பிள்ளையும் கொடுத்திருக்கிறாள். விரும்பும் பாத்திரம் என்ற இடத்தில் சத்திரக்காரர் என்று எழுதியிருக்கிறாள். முதல் ஒத்திகைக்கு முன்பே மைக் வந்துவிட வேண்டும் என்பதால், முடிந்தவர்கள் இந்த மாதமே கொடுத்து உதவுங்கள்.

இப்படிக்கு,
கிறிஸ்து பிறப்பு நாடகக் குழுவினர்