கல்லறைத் தோட்டத்திலும் தனித்தனியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற செவிலியர். பிறந்தது சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையில். என் வீட்டுக்காரர் ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர். 38 வருடம் ஒரே வீட்டில் அவர் செபம் என்பார், நான் ஜெபம் என்பேன். ஞாயிறு காலை அவர் பூசைக்கு, நான் ஆராதனைக்கு. மத்தியானக் கறிச்சோறு சேர்ந்துதான். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் அவருடையது, பழைய வேதாகமம் என்னுடையது. ராத்திரி படுக்கும் முன் 23ஆம் சங்கீதம் வாசிப்போம். அவருக்கு ஆயர், எனக்கு மேய்ப்பர்.

போன வருடம் அவர் காலமானார். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், கல்லறைத் தோட்டத்தில் அவருக்குப் பக்கத்திலேயே எனக்கும் இடம் கிடைக்குமா என்று கேட்டேன். பொறுப்பாளர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நீங்க நம்ம பங்குக் கோயிலைச் சேர்ந்தவங்க இல்லையேம்மா” என்றார். சரி, என் சபையில் கேட்டால், “உங்களுக்கு இங்க இடம் இருக்கே” என்கிறார்கள். இரண்டு இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். இருந்தாலும் அன்று வீடு வந்து சேர்வதற்குள் அழுதுவிட்டேன்.

என் இளைய மகன் வேறொரு ஜெபக்கூடத்துக்குப் போகிறான். முழுக்கு ஞானஸ்நானமும் எடுத்துவிட்டான். அது அவன் தீர்மானம். நானும் என் அப்பா பேச்சை மீறிக் கல்யாணம் செய்தவள்தானே. ஆனால் தன் அப்பாவின் உடலருகே மாதாவை நோக்கிச் சொல்லும் செபமாலை தொடங்கியதும் அவன் எழுந்து போய், 53 மணியும் உருட்டி முடியும்வரை கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றான். அழுதுகொண்டேதான் நின்றான். அப்படி நிற்க வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்கன் மிஷன் வழிதான் எங்கள் தாத்தா சபை. அதில் பேராயரே (பிஷப்) கிடையாது. இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்த ஆங்கிலிக்கன்காரர்களோ பேராயர் இல்லாமல் முடியாது என்றார்கள். ஒரே சபையாகச் சேர 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு 28 வருடம் இழுத்தது. பேராயர் இருக்கட்டும், ஏற்கெனவே ஊழியம் செய்கிற போதகர்களுக்கு மறுபடி குருப்பட்டம் கட்ட வேண்டாம் என்று இரு தரப்பும் இறங்கி வந்தன. மெதடிஸ்ட் சபையும் சேர, 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது.

அவ்வளவு பெரிய வேறுபாட்டையே உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள். எல்லாச் சபையும் ஒன்றாகட்டும் என்று நான் கேட்கவில்லை. மதுரையில் உள்ள பேராயர்களும் பாஸ்டர்மாரும் ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்து, எங்களைப் போன்ற கலப்புக் குடும்பங்களின் சாவு, அடக்கம் பற்றி மட்டுமாவது பேச வேண்டும். எனக்கு வயது 67. அவர் கல்லறைக்கு இடது பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நேற்றும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அரசரடி, மதுரை.