தோள்பட்டையை யாரையும் இழுக்க விடாதே

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. இங்கே எல்லோரும் சுகம். சின்னவனுக்கு ஒருவழியாக வேலை நிரந்தரமாகிவிட்டது.

உன் தோள்பட்டை விஷயத்துக்கு வருகிறேன். "பிசியோதெரபிஸ்ட் கையைச் சும்மா லேசாக ஆட்டிவிட்டு அனுப்புகிறார், நன்றாக இழுத்துவிடும் ஆளாகப் பார்க்கட்டுமா?" என்று கேட்டிருந்தாய். வேண்டவே வேண்டாம். இத்தனை வருஷமாக இதே வேலையில் இருப்பவன் சொல்கிறேன், உனக்கு இப்போது வேண்டியது அந்த லேசான ஆட்டம்தான்.

கையைத் தூக்கும்போது மேல்கை எலும்பின் தலை உருண்டால் மட்டும் போதாது. தோள் மூட்டில் அது உட்காரும் கிண்ணத்துக்குள் கொஞ்சம் கீழே சறுக்கவும் வேண்டும். உனக்கு வந்திருக்கும் ஃப்ரோசன் ஷோல்டரில், அதாவது தோள் மூட்டு இறுகிப்போகும் நோயில், மூட்டு உறை தடித்துச் சுருங்கிவிடுவதால் அந்தச் சறுக்கல் குறைந்துபோகிறது. அதனால்தான் ஒரு கையால் உன் முழங்கையைத் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையைத் தோள் நுனிக்குச் சற்றுக் கீழே வைத்து, எலும்பின் தலையை மெல்ல மெல்லக் கீழே தள்ளுகிறார். பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே நடக்காதது மாதிரி இருக்கும். மூட்டு எங்கே வழிவிடுகிறது, தசை எங்கே சட்டென்று இறுகுகிறது என்பது அவர் கைக்குத் தெரியும்.

ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்ட் ஜெஃப்ரி மெயிட்லாண்ட் இந்த அசைவுகளை 4 படிகளாக வகுத்தார். முதல் இரண்டும் வலியைத் தணிக்க. அவை மூட்டு தடைபடும் எல்லையைத் தொடுவதில்லை. அடுத்த இரண்டும் எல்லை வரை போய் இறுக்கத்தைத் தளர்த்துபவை. ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை என்கிறாயே, வலிக் கட்டம் இன்னும் தாண்டவில்லை என்று அர்த்தம். இப்போது முறுக்கி இழுத்தால் வலி கூடும், நீ கையை அசைக்கவே பயப்படுவாய்.

ஆனால் உன் பிசியோதெரபிஸ்ட்டின் கை செய்வது பாதிதான். சிகிச்சை முடிந்து மூட்டு இளகியிருக்கும் நேரத்தை வீணாக்காதே. முன்னால் குனிந்து கையைத் தொங்கவிட்டு ஆட்டு. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பழகு. இந்த நோயில் பெரும்பாலும் அதிகமாகப் பறிபோவது இந்தத் திருப்பம்தான். முழுசாகச் சரியாக மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒன்றிரண்டு வருஷம்கூட. மனம் தளராதே.

இன்னொன்று, சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது அதிகம் வருகிறது, ஆறவும் நாளாகிறது. அந்த முடிவையும், முன்கை எவ்வளவு தூரம் வெளியே திரும்புகிறது என்பதையும் அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
ரவி