கதவைத் தட்டுகிற வேலை

அன்பு மகள் கயலுக்கு,

நேற்று போனில் நீ சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. "கூடப் படித்தவர்கள் காலநிலை மாநாடு, சட்டம் என்று போகிறார்கள். நான் வீடு வீடாகப் போய், வெயில் காலத்தில் யார் தனியாக இருப்பார்கள் என்று நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன், அப்பா" என்றாய். குரல் கம்மியிருந்தது.

வெள்ளம் வந்த ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? எச்சரிக்கை என் போனுக்கும் வந்தது. படித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். 14 வயசுப் பிள்ளை நீதான் வந்து உலுக்கி எழுப்பினாய். பாட்டியை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கிய பிறகு, மாத்திரை டப்பா கீழேயே இருக்கிறது என்று முழங்கால் தண்ணீரில் மறுபடி இறங்கினாய். வடிந்ததும் தண்ணீர் நின்ற உயரத்துக்குச் சுவரில் பென்சிலால் கோடு போட்டாயே, அதன்மேல் பெயின்ட் அடிக்க இன்றுவரை நான் விடவில்லை.

செய்தி வந்து சேருவது வேறு, ஆள் எழுந்து கிளம்புவது வேறு அம்மா.

வங்கதேசத்தைப் பார். 1970 புயலில் அங்கே 3 லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஊர் ஊராகத் தொண்டர்களைத் திரட்டினார்கள். மெகாபோனும் கொடியும் எடுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கே போகிறவர்கள். அப்படியும் 1991 புயலில் ஒரு லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம். அந்நிய ஆண்கள் நெருக்கியடித்து நிற்கிற முகாமுக்குப் போகப் பல பெண்கள் தயங்கினார்கள். மாட்டை விட்டு வரமாட்டேன் என்றவர்களும் உண்டு. கால்நடைகளுக்கென்று மண்மேடுகள் எழுப்பியதும், பெண் தொண்டர்களைச் சேர்த்ததும் இப்படிப்பட்ட தயக்கங்களைப் போக்கத்தான். இன்று 70,000-க்கும் மேற்பட்ட தொண்டர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள். 2020-இல் ஆம்பன் புயலுக்கு முன் அங்கே 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இடம் மாறினார்கள். இறந்தவர்கள் சில பத்துப் பேர்தான். போன ஒவ்வொரு உயிரும் பெரிசுதான், ஆனாலும் அந்த வித்தியாசத்தை நினைத்துப் பார்.

வெயில் இன்னும் மோசம், சத்தமே போடாது. 2003-இல் ஐரோப்பாவில் சுமார் 70,000 பேரைக் கொண்டுபோனது. பெரும்பாலும் வயசானவர்கள். வயசாக ஆகத் தாகமே சரியாகத் தெரியாது. ராத்திரியும் சூடு இறங்காவிட்டால் உடம்பு தேறவே வழியில்லை. மாநாட்டுக்குப் போகிறவர்களும் வேண்டும்தான். ஆனால் அந்த ராத்திரியில் எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்று உன் நோட்டுக்குத்தான் தெரியும்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள். பெயர், வயசு, போன் நம்பரோடு, 'கூப்பிட்டால் ஏன் வரமாட்டார்' என்றும் ஒரு கட்டம் போடு. அலைகிற நீயும் தண்ணீர் குடி.

இங்கே நானும் ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். எதிர்வீட்டுப் பெரியவருக்குக் காது மந்தம், கதவைத் தட்டினால் கேட்காது, படுக்கை ஜன்னலோரம் போய்க் கூப்பிடவேண்டும். முதல் பக்கத்தில் அதை எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா